வராத நான்கு பேர்

இந்தக் கதையில் வருகிற எண்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை. விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். பிறகு ஒன்று கேட்பேன்.

திருநெல்வேலியில் தேவசகாயம் என்றொரு முதுகெலும்பு டாக்டர். முதுகை முழுதாகத் திறக்காமல், சிறு துளை வழியே திருகாணி இறக்கி, நொறுங்கிய எலும்பை நிறுத்துவது அவர் கண்ட முறை. அதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுப் பேப்பரின் சாரம் இவ்வளவுதான்: நூறு பேருக்கு ஆபரேஷன். ஆறாம் மாதம் செக்கப்புக்கு வரச்சொல்லி நூறு பேருக்கும் கடிதம். தொண்ணூற்றாறு பேர் வந்தார்கள், அத்தனை பேரும் நடந்தார்கள். நால்வர் வரவில்லை.

கடிதம் போட்டதும் பதிவேடு எழுதியதும் அவருடைய ஜூனியர் டாக்டர் மெர்லின். செக்கப் அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, முப்பத்தாறு படி. ஏறி வருகிறவர்களை உட்காரவைத்து, மூச்சு அடங்கியபின்தான் பெயர் கேட்பாள். வராத நால்வரிடமிருந்து நான்கு போஸ்ட் கார்டுகள் வந்தன. தேவசகாயம் படித்தார், டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"வரலைன்னு போடும்மா. அதுதானே உண்மை?"

போட்டாள்.

ஆறு வருஷத்தில் உலகமெங்கும் ஆயிரம் பேப்பர்கள் அதை மேற்கோள் காட்டின. ஆஸ்பத்திரி ஹாலில் பாராட்டு விழா. கேக்கின் மேல் க்ரீமில் '1000'. மெர்லின் தன் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். அரிசி மண்டி லோடுமேன் செல்லப்பெருமாள்.

"ஏ டாக்டரே, நூறு பேருன்னு போட்டிருக்கீரு. எந்தம்பி இசக்கிராஜா அதுல எத்தனாவது ஆளு?"

மெர்லினுக்கு மனப்பாடம். "முப்பத்தேழு," என்றாள்.

"அவன் ஏன் வரலன்னு கேட்டியளா?"

"வெளியே அனுப்புங்க," என்றார் மேடையில் இருந்த தேவசகாயம்.

காவலாளிகள் இருவர் அவனைத் தரையில் தள்ளி லத்தியால் அடித்தார்கள். முன்பல் தெறித்தது. வாயில் ரத்தத்தோடு அவன் சிரித்தான். இடுப்பிலிருந்து மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி வெளியே வந்தது. ஒரு காவலாளியின் கன்னம் கிழிந்து தொங்கியது. மெர்லின் குழந்தையைக் கேக் மேஜைக்கடியில் திணித்துத் தானும் மேலே கவிழ்ந்தாள். செல்லப்பெருமாள் ஏறியதில் மேடைப் பலகை அதிர்ந்தது. கொக்கி தேவசகாயத்தின் தோளெலும்பில் மாட்டியது. மூட்டையை இழுக்கிற மாதிரியே இழுத்தான். மேடையிலிருந்து விழுந்தவரின் முதுகு இரும்பு நாற்காலியின் விளிம்பில் மோதிய சத்தத்தை மெர்லின் அறிவாள், எலும்பின் சத்தம்.

"எண்ணுங்கவே! எந்தம்பியையும் எண்ணுங்க!"

அவன் கை ஒடியும்வரை அடித்தார்கள். அப்போதும் அதையேதான் கத்தினான்.

ஆபரேஷன் மேஜையில் தேவசகாயத்தின் கால் விரல்கள் அசையவில்லை. அவரை விட்டால் ஊரில் முதுகெலும்பு ஆபரேஷன் தெரிந்தவள் மெர்லின் ஒருத்தியே. திருகாணித் தட்டை எடுத்தாள்.

"என் முறை வேண்டாம்மா. பழையபடி முதுகைத் திறந்தே செய்."

"சார், ஆயிரம் பேர் நம்புற முறை!"

"அவங்க யாரும் என் டிராயரைத் திறந்து பாக்கலையே."

மயக்க மருந்து அவர் வாயை மூடியது.

இப்போது சொல்லுங்கள். எண்கள் எல்லாம் சரி. பிறகு பொய் எங்கே இருக்கிறது? அது யாருடையது? முறை கண்டவருடையதா, பதிவு எழுதியவளுடையதா, படித்து மேற்கோள் காட்டிய ஆயிரம் பேருடையதா?

*

விடை: பொய் அந்த முப்பத்தாறு படியில் இருக்கிறது. நடக்க முடிந்தவர் மட்டுமே ஏறக்கூடிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவரெல்லாம் நடந்தார் என்று எழுதினார்கள். முப்பத்தேழாம் ஆளுக்காக அண்ணன் எழுதிய கார்டில் இருந்தது இவ்வளவுதான்: 'தம்பிக்கு ரெண்டு காலும் வரவில்லை. தூக்கிக்கொண்டு வரட்டுமா?' பதில் போகவில்லை. மற்ற மூன்றும் அப்படியே. படித்துப் பூட்டியவருடையது பெரும் பொய். தினம் அந்தப் படியில் மூச்சு வாங்கியும் கேட்காதிருந்த மெர்லினுக்கும் அதில் பங்குண்டு. ஆயிரம் பேர் வந்தவர்களை எண்ணினார்கள்; வராதவர்களைப் பற்றிக் கேட்டது செல்லப்பெருமாள் ஒருவன். கேள்வி சரி, கொக்கி சரியில்லை. அவன் சிறையில் இருக்கிறான்.

மெர்லின் பழைய முறையிலேயே செய்தாள். ஒரு கால் பிழைத்தது. ஆறாம் மாதம் கடிதம் போட்டாள், தேவசகாயம் வரவில்லை. அவள் 'வரவில்லை' என்று எழுதவில்லை. பதிவேட்டையும் மகளையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவர் வீட்டுக்குப் போகுமுன் நால்வர் வீட்டுக்கும் போகவேண்டும். முதல் வீட்டில், கட்டிலில் கிடந்த இசக்கிராஜா தலையை மட்டும் திருப்பிக் கேட்டான்:

"ஏன் டாக்டரம்மா, அண்ணன் ஏன் இன்னும் வரல?"