செண்பகவல்லியின் கைராசி

கையைக் கட்டிக்கொண்டு கதை கேட்கிறவர்கள் தயவுசெய்து கட்டை அவிழ்த்துவிடுங்கள். இந்தப் புதிருக்குக் கை வேண்டியிருக்கும். விடையை முதலில் எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

பாளையங்கோட்டையில் செண்பகவல்லி என்று ஒருத்தி. அவளுடைய கணவர் குமரகுருபரன் எதற்கும் காரணம் சொல்லத் தெரிந்த மனிதர். காரணம் தெரியாத இடத்தில் மனைவியையே காரணமாக வைத்துக்கொள்வார். மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவர் தூங்கி எழுந்து, காபி குடித்து, பேப்பரை மடித்து, "சரி, கிளம்பு" என்று சொல்லும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்கூட்டர் வந்த பிறகு அது ஒழிந்தது.

பெண்களுக்கென்று நடக்கும் வகுப்பில் சேர்ந்து ஓட்டக் கற்றாள். அங்கே சொன்ன ஒழுங்கை அவள் மீறியதே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்வாள், இடது பிரேக்கை இறுக்கிப் பிடிப்பாள், வலது கட்டைவிரலால் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவாள். இந்த வண்டிகளில் ஏதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால்தான் பட்டன் வேலை செய்யும். இடதா வலதா என்பது பற்றி வண்டிக்குக் கவலை இல்லை.

ஆடி பிறந்தது, வம்பும் பிறந்தது. செண்பகவல்லி பட்டனை அழுத்தினால் வண்டி ஊமையாக நின்றது. ஹார்ன் அடித்தது, முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது, இன்ஜின் மட்டும் அசையவில்லை. உதைத்து ஸ்டார்ட் செய்ய அவள் முழங்கால் இடம் கொடுக்காது. கணவரைக் கூப்பிட்டாள். அவர் போனை இடது காதில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தார், பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் ஸ்டார்ட் செய்தார், பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் ஜக்கரியாவிடம் வண்டி போனது. அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே அழுத்தில் கிளப்பினார். வண்டியில் ஒன்றுமில்லை, அம்மாதான் பயந்து பயந்து அழுத்துகிறார்கள் என்று தீர்ப்பு. குமரகுருபரனுக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டார் யாராவது உதைத்துக் கொடுத்தால்தான் அவள் வெளியே போக முடிந்தது. ஒரு நாள் சமாதானபுரம் திருப்பத்தில் இடது பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த ஆட்டோ இடிக்கப் பார்த்து ஒடித்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பிரேக் போட்டா பின்னால லைட்டு எரிய வேண்டாமாக்கா? எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் சொன்னதற்கு, நீ சடாரென்று நிறுத்தியிருப்பாய் என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை தமயந்தி வந்தாள். சும்மா வரவில்லை. மதினிக்குத்தான் வண்டி பிடிபடவில்லையே, அது எனக்கு இருக்கட்டும் என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, இடது உள்ளங்கை நிறைய மருதாணியை அப்பிக்கொண்டு, விரல்களை விரித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

குமரகுருபரன் நியாயஸ்தர் அல்லவா! வாசலில் எல்லாரையும் நிற்கவைத்து, "உன் கையால ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு, வண்டி உனக்கே. இல்லேன்னா சாவியைத் தமயந்திகிட்ட குடுத்துரு" என்றார்.

செண்பகவல்லி உட்கார்ந்தாள். கண்ணாடி, இடது பிரேக், பட்டன். வண்டி ஊமை.

"மதினி, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் தமயந்தி. மருதாணிக் கையை எங்கும் படாமல் உயரத் தூக்கிக்கொண்டு, வலது கையால் பிடித்து அழுத்தினாள். வண்டி உடனே உறுமியது. "ஒவ்வொருத்தர் கைராசி அப்படி. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று ஆறுதல் வேறு.

செண்பகவல்லி அந்த மருதாணிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து, கணவர் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, கணவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே செய்தார். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை செய்தார். சிரிப்பு நின்றது. அவரை இறங்கச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். இந்த முறை ஒரே அழுத்தில் வண்டி அவளுக்குக் கிளம்பியது.

செண்பகவல்லி கணவரைச் செய்யச் சொன்னது என்ன? கோளாறு அவள் கையிலா, வண்டியிலா? சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: போனைக் கீழே வைத்துவிட்டு, வலது பிரேக்கைத் தொடாமல், இடது பிரேக்கை மட்டும் பிடித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். தான் ஏறியபோது வலது பிரேக்கைப் பிடித்தாள். இடது பிரேக் பிடிக்குள் இருக்கிற சின்ன சுவிட்ச் செத்திருந்தது. அதனால் அந்தப் பிரேக்கைப் பிடித்தால் பட்டனும் வேலை செய்யாது, பின்விளக்கும் எரியாது. ஆட்டோக்காரர் அதைத்தான் சொன்னார், கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. போன், டீ கிளாஸ், மருதாணி என்று மற்ற மூவருக்கும் இடது கை ஓய்வாக இல்லாததால் வலது பிரேக்கைப் பிடித்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒழுங்காகக் கற்றுக்கொண்டவளுக்குத்தான் ராசியில்லாதவள் என்ற பட்டம். கோளாறு வண்டியில், சாவி செண்பகவல்லியின் இடுப்பில். புது சுவிட்ச் போட்டுக்கொண்டு வரும் வேலை குமரகுருபரனுக்கு, அதுவும் அன்றைக்கே. தமயந்திக்கு மருதாணி நன்றாகச் சிவந்ததாம். செண்பகவல்லி பிரேக் பிடித்தால் பின்விளக்கும் இப்போது அப்படித்தான் சிவக்கிறது.