எலுமிச்சம்பழம் நசுக்கின ரயில்

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு அஞ்சலாட்சி. கோவம்னா வந்துட்டுப் போற கோவம் இல்ல. மூடி போட்ட உலை மாதிரி உள்ளயே தளபுளன்னு கொதிக்கிற கோவம். ஏன் கோவம்? அதான் கதை. ம் கொட்டு.

"ம்."

அந்த ஊருக்குப் பக்கத்துல ஒரு சர்க்கரை ஆலை. கரும்பு ஏத்த ஆலைக்குன்னே குட்டி ரயில். முன்னாடி நீராவி எஞ்சின், குண்டா, கறுப்பா, ஜிகுபுகு ஜிகுபுகுன்னு வரும். அது என்ன தின்னும் தெரியுமா? கரும்புச் சக்கை. ஆலை சாறு பிழிஞ்சு வீசுற சக்கையத் தின்னுட்டு, மறுபடியும் கரும்பு சுமக்கப் போகும். கழுதைக்கு அப்புறம் அவ்ளோ மலிவா உழைச்சது அது ஒண்ணுதான்.

தண்டவாளம் போட நிலம் வேணும்ல? அஞ்சலாட்சி மாமனார் வயலு நடுவுல போட்டாங்க. அப்போ ஆலையோட பெரிய முதலாளி ஊரைக் கூட்டி ரெண்டு வார்த்தை சொன்னாரு. "வண்டி ஓடுற வரைக்கும் இந்த இடம் எங்களுக்கு, நின்னுட்டா உங்களுக்கு" அப்படின்னாரு. "வயல்லயே எடை போட்டு வண்டியில ஏத்திட்டா, அந்த நிமிஷத்துலேருந்து கரும்பு எங்களோடது. காஞ்சாலும் எங்க பாடு" அப்படின்னும் சொன்னாரு. நல்ல மனுஷன். அதனால சீக்கிரம் செத்துப் போயிட்டாரு.

"ம்."

அப்புறம் லாரி வந்துச்சு, டுர்ர்ருன்னு. அப்புறம் சக்கைய விலைக்குக் கேட்டு ஒரு காகிதக் கம்பெனி வந்துச்சு. வீசுன பொருளுக்கு விலை வந்ததும் எஞ்சினுக்குச் சோறு நின்னுபோச்சு. ஒவ்வொரு எஞ்சினா பழைய இரும்புக்குப் போச்சு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஆலை வரைக்கும் தண்டவாளத்தையே பிடுங்கி வித்துட்டாங்க. மிச்சம் ஒரே எஞ்சினும் நாலு பெட்டியும், அஞ்சலாட்சி வயலு நடுவுல.

லாரிக்கு எடை எங்க தெரியுமா? ஆலை வாசல்ல. வாசல்ல வரிசை. ஒரு நாள் நிக்கும், ரெண்டு நாள் நிக்கும், மூணு நாளும் நிக்கும். கரும்பு வெயில்ல சுருங்கும், எடை குறையும். இப்போ யார் பாடு? அஞ்சலாட்சி பாடு. கோவம் வருமா, வராதா?

அவ ஆலைக்குப் போனா. மேனேஜர் தணிகாசலம் வெண்ணெயில வழுக்குற மாதிரி பேசுறவன்.

"ஐயா, ரயில் நின்னுபோச்சு. என் இடத்தைக் குடுங்க."

"யாரும்மா நின்னுச்சுன்னது? அரவை தொடங்குற பூஜைக்கு வந்து பாரு."

பூஜை வயலுல, வண்டிகிட்டயே. போய்ப் பார்த்தா. பழைய டிரைவர் சவரிமுத்து விறகு போட்டு எஞ்சினைப் பத்த வச்சிருந்தாரு. மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். புஸ்ஸ்ஸ்... ஜிகு... சளக்! பழம் நசுங்குச்சு. எஞ்சின் நின்னுச்சு.

"ஓடிச்சா?"ன்னான் மேனேஜர்.

"பழத்து மேல ஏறுச்சு."

"ஓடாம எப்படிம்மா ஏறும்?"

அப்புறம் அடுத்த வருஷம். மறுபடி புஸ்ஸ்ஸ், ஜிகு, சளக். அஞ்சலாட்சி நேரா ஆலைக்கே போய்க் கேட்டா.

"பாதித் தண்டவாளத்தைக் காணோம், வண்டி எங்கய்யா போகும்?"

"எங்க வரைக்கும் ஓடணும்னு பெரியவர் சொன்னாரா? சொல்லலையே. இந்தா, சுண்டல் சாப்பிடு."

சுண்டலை அவன் மேசை மேலயே கொட்டிட்டு வந்தா. வழியெல்லாம் முணுமுணுத்தா: 'எங்க வரைக்கும்னு சொல்லல. வாஸ்தவம். ஆனா இன்னொண்ணு சொன்னாரே!'

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவது வருஷம். பூஜைக்குப் பட்டணத்து விருந்தாளிங்க, பேண்டு வாத்தியம், டம் டம் டம். மேனேஜர் எலுமிச்சம்பழத்தோட வந்தான். பார்த்தா, நாலு பெட்டியிலயும் தலைக்கு மேல கரும்பு!

"என்னம்மா இது?"

"வண்டி ஓடுதுன்னீங்க. ஊர் முன்னாடி எடை போட்டு ஏத்திட்டோம். இனிமே உங்க கரும்பு. ஓட்டிட்டுப் போங்க."

"எப்படிம்மா போறது? வாய்க்கால் பக்கம் தண்டவாளமே இல்லியே!"

"அது உங்க பாடு. காஞ்சாலும் உங்க பாடு."

"இறக்கு! எல்லாத்தையும் இறக்கு!"

பின்னாடி திரும்பிப் பார்த்தான். ஊரே மாட்டுவண்டியில கரும்போட நிக்குது. "சாமி, எங்க கரும்பையும் ஏத்திக்குங்க!"

மேனேஜர் டிரைவரைப் பார்த்தான். "யோவ் சவரிமுத்து, நீயாவது சொல்லேன்யா!"

"நான் என்னங்க சொல்றது? ஓடுதுன்னு சொன்னது நீங்க. விசில் அடிக்கவா?" கூஊஊ...!

விருந்தாளிங்க சிரிச்சாங்க. பேண்டு நின்னுபோச்சு. மேனேஜர் மூஞ்சி, நசுங்காத எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாச்சு.

"வண்டி... ஓடாது."

"சத்தமா சொல்லுய்யா. கடைசியில நிக்கிற கிழவிக்குக் கேக்கல."

"ஓடாது! ஓடாது! ஓடாது!"

மூணு தடவை, ஊர் முன்னாடி. அன்னிக்கே இடம் அவளுக்கு வந்துச்சு. ஏத்துன கரும்பை ஊர்க்காரங்களே சிரிச்சுக்கிட்டு இறக்கிட்டாங்க.

கோவம் போச்சான்னு கேக்குறியா? எங்க போகும்! அந்த எஞ்சினை வெட்டி எடுக்க ஆலை ஆளு அனுப்புச்சு. இரும்பு அறுக்குற சத்தம், கிர்ர்ர், கிர்ர்ர். "சக்கையத் தின்னுட்டு உங்களுக்கே உழைச்சுதேடா, பாவிங்களா! அதுவா உங்கள ஏமாத்துச்சு?"ன்னு வரப்புல நின்னு திட்டுனா. அறுக்க வந்தவன் தலையே நிமிரல.

அப்புறம் ஏர் பூட்டுனா. தண்டவாளம் கிடந்த இடமெல்லாம் வருஷக்கணக்கா கொட்டுன சாம்பலும் ஜல்லியும், ணங் ணங்னு ஏர்க்கொழு துள்ளுச்சு. மூணு மழை பார்த்துதான் மண்ணு மண்ணாச்சு.

அப்போ பார்த்து ஆலையில கரும்புக்குப் பஞ்சம். தணிகாசலமே நடந்து வந்தான். "அம்மா, அந்த இடத்துலயும் கரும்பு போடுங்களேன். லாரியை வயலுக்கே அனுப்புறேன்."

அஞ்சலாட்சி மண்வெட்டிய ஊனி நிமிந்தா. "கத்திரி போடுவேன். வெண்டை போடுவேன். எருக்கஞ்செடி முளைச்சாலும் குடத்துல தண்ணி ஊத்தி வளப்பேன். உனக்கு இங்க ஒரு கரும்பு கிடையாது. வரப்பை மிதிக்காம போ."

போனான். அவ மறுபடியும் குனிஞ்சு கொத்துனா, சதக், சதக், சதக்.

அவ்ளோதான். கதை தண்டவாளத்தை விட்டு இறங்கிடுச்சு. நீயும் கண்ண மூடித் தூங்கு.