சோதனைக் குழாயைக் கலக்கியவர்

"என் குழாயில யாரோ கை வைக்கிறாங்க மேடம்" என்றார் தாமோதரன்.

பல வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, தாமதமாக முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி பூங்கோதை, வயதில் அவரைவிடச் சின்னவர்.

"யாரு சார்?"

"ஜெசிந்தாதான். பக்கத்து மேசை. மண் கலந்த தண்ணியைச் சுழல விட்டா, மண்ணு சீரா அடிக்கு இறங்கணும். அந்தப் பொண்ணுக்கு இறங்குது. எனக்கு மட்டும் இறங்கினது திரும்ப மேல ஏறுது. இன்னைக்கே டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

சொன்னால் ஜெசிந்தாவின் உதவித்தொகை நின்றுவிடும். அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பூங்கோதை ஒரே குடுவையிலிருந்து இரண்டு குழாய்களை நிரப்பினார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோங்க. நான் தட்டினா மட்டும் திறங்க."

மற்றதை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் இருந்த இன்னொரு இயந்திரத்துக்குப் போனார்.

தாமோதரன் குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து ஓட்டினார். மண் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் திரையே கோடாக வரைந்து காட்டியது. பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அவரால் முடியவில்லை. திரையிலேயே யாராவது கோளாறு செய்து வைத்திருந்தால்?

சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினார். மூடியைத் திறந்து, குழாயை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வைத்து மறுபடி ஓட்டினார்.

சத்தம் மாறியது போலிருந்தது. பிரேக் போட்டார். சன்னலுக்கு வெளியே ஏதோ நிழல். மறுபடி பிரேக். பாவம், அந்த மனிதர் நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்காரவே இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"யாராவது வந்தாங்களா சார்?"

"ஈ காக்கா வரல."

பூங்கோதை அவருடைய குழாயை வாங்கிப் பார்த்தார். டீ மாதிரி கலங்கியிருந்தது. தன் குழாயை அதன் பக்கத்தில் வைத்தார். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் இறுகிய மண்.

"நீங்க என்ன பண்ணீங்க மேடம்?"

"ஓட விட்டுட்டு சாப்பிடப் போனேன்."

தாமோதரன் தன் குழாயைப் பார்த்தார். பிறகு பிரேக் பொத்தானைப் பார்த்தார்.

பூங்கோதை கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார். டைரக்டர் ரூம்லதான் இருக்காரு. கலக்கினவங்க பேரைச் சொல்லிட்டு வந்துடலாம்."