சற்குணம் கை கட்டிய அழகு

எங்கள் காசிமேட்டு குத்துச்சண்டைக் கூடத்தில் அன்றைக்குக் காது கிழிந்தது. ஆசியாவிலேயே பெரிய சாம்பியன் யார்? பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவ் என்று ஒரு கூட்டம், மேரி கோம் என்று ஒரு கூட்டம். அடிதடி ஒன்றுதான் பாக்கி!

"நிறுத்துங்கடா!" என்று உள்ளே வந்தார் கூடத்தின் தலைவர் சற்குணம். "அவங்க எல்லாருக்கும் மேல நான். பாங்காக்ல ஆசிய சாம்பியனையே மூணாவது ரவுண்டுல படுக்க வச்சவன். இல்லைன்னு சொல்றவன் வெளியே போலாம்."

எல்லோரும் தலையாட்டினோம். கையுறைக்குள் நாங்கள் சுற்றிக்கொள்ளும் கைக்கட்டுத் துணிகளைத் துவைத்துக் காயப்போடும் பிலோமினா அக்கா மட்டும், "மேரி கோம்தான் சார்" என்றாள்.

"ஓகோ! மேரி கோம் என்னைவிடப் பெரிய ஆளுன்னு இப்பவே நிரூபி. இல்ல, நாளைக்கு வேலைக்கு வராதே!"

"நான் எங்க சார் நிரூபிக்க? நீங்க கை கட்டுற அழகை ஒரு தடவை காட்டுங்க. பசங்க பாத்துக் கத்துக்கட்டும்."

கொடியிலிருந்து ஒரு துணியை உருவிக் கொடுத்தாள். நாங்கள் விசில் அடித்தோம். சற்குணம் வெல்க்ரோ ஒட்டுப் பட்டை இருந்த முனையை உள்ளங்கையில் வைத்துச் சுற்றினார், சுற்றினார், முழங்கை வரை சுற்றினார். கடைசியில் மறுமுனையில் இருந்த சின்ன வளையம் அந்தரத்தில் தொங்கியது. அதை எங்கே சொருகுவது என்று தேடினார்.

விசில் நின்றுபோனது.

"சார், அந்த வளையத்துல கட்டைவிரலை மாட்டிட்டுத்தான் சுத்தவே ஆரம்பிக்கணும்" என்றாள் அக்கா. "அப்போ பாங்காக்ல அந்த சாம்பியன் சிரிச்சு சிரிச்சுத்தான் கீழ விழுந்தாரா?"