சுறாவின் வாய்க்கட்டு

முத்துக் குளிக்கும் கரைகளில் அந்நாளில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். காலையில் மந்திரம் சொல்லிக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். கடலிலுள்ள சுறாக்களின் வாய் கட்டப்பட்டுவிடும். கடைசி ஆள் கரையேறியதும் முடிச்சை அவிழ்ப்பார், வாய் திறந்துவிடும். இதையெல்லாம் நம்பாதவன்கூட முடிச்சு விழாமல் தண்ணீரில் குதிக்க மாட்டான்.

அந்தக் கரைக்குக் கடல்கட்டி மாடத்தி. அப்பா போன பிறகு அவள் கைக்கு வந்த வேலை. அவளிடம் சீடனாக வந்த சந்தியாகு அவளைவிட மூத்தவன். தலை நரைத்த பிறகு பாடம் படிக்கிறானே என்று கரையே கேலி பேசியது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வருசம் அவன் தம்பி, முடிச்சு அவிழ்த்த பிறகு, விட்டுப்போன சிப்பிக்கூடையை எடுக்கத் திரும்பக் குதித்தான். சுறா கொண்டுபோய்விட்டது.

"முடிச்ச ஏன் தாயி அவுக்கணும்? அப்படியே கெடந்தா ஒருத்தனும் சாக மாட்டான்லா?"

"அதுவும் திங்கணும்லா, அண்ணாச்சி."

அந்தப் பதில் அவனுக்கு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் கயிறு அவன் பொறுப்பில் இருந்தது. அவிழ்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

விடிந்தபோது கரையில் ஒரு வெள்ளைச் சுறா ஒதுங்கிக் கிடந்தது. வள்ளத்தின் நீளம் இருக்கும். நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே கிழிந்திருந்தது. ஈரலைக் காணோம், மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"எது தாயி இதையே கடிக்கும்?"

"கறுப்பும் வெள்ளையுமா ஒரு திமிங்கிலம் உண்டு. கூட்டமா வரும். ஈரல மட்டும் தின்னுட்டுப் போயிரும்."

இப்படி ஒன்று செத்துக் கிடந்தால் ஏறி மிதிக்க வேண்டும் என்று ஒரு வருசமாக நினைத்திருந்தவன் சந்தியாகு. இப்போது கால் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். சுறாவின் வாய் மூடியிருந்தது. அவன் இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்தான்.

"நேத்து நான் அவுக்கல, தாயி. இது வாயக் கட்டிப்போட்டுட்டேன். இல்லன்னா கடிச்சுத் தப்பிச்சிருக்கும்."

"கடிக்காது அண்ணாச்சி. அதுகளக் கண்டா இது எல்லாத்தையும் விட்டுட்டு ஓடும்."

"இதுக்குமா பயம்?"

"உங்க தம்பிக்கு இருந்த பயந்தான்."

அவன் அழுதான். தம்பி போன நாளில்கூட அப்படி அழவில்லை. உப்பில் ஊறி இறுகிய முடிச்சு விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். அதுவரை மாடத்தி அவன் முதுகில் கை வைத்து நின்றாள்.

வள்ளங்கள் காத்திருந்தன. சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரம் சொல்லி, சுறாவுக்கான முடிச்சைப் போட்டான். பிறகும் கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

"தாயி, இன்னொரு முடிச்சுப் போடட்டா? அந்தத் திமிங்கிலத்துக்கு."

"போடுங்க, அண்ணாச்சி. சாயங்காலம் ரெண்டையும் அவுத்து விட்டிருங்க."