குழந்தைவேலு வண்டியில் பக்தி

மலைமேல் இருந்த அந்த மடத்தில் பூஜை கிடையாது, பஜனை கிடையாது. வடிவாம்பாள் அம்மா கற்றுக்கொடுத்ததெல்லாம் சும்மா இருப்பதைத்தான். அவர் வாயிலிருந்து ஒரு சாமி பெயர் வந்து யாரும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் உண்டு. பெயர் குழந்தைவேலு. எழுபதைத் தாண்டியும் பெயரில் குழந்தை. மடத்து வேனை ஓட்டுவதுதான் அவருக்குத் தவம். மலைக்காரர்களைக் காலையில் கீழே சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறக்கிக் கொண்டுபோவார், சாயங்காலம் ஏற்றிக் கொண்டுவருவார். வண்டிச் சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

ஒரு நாள் மடத்து வாசல் தூணில் உரசி, வேனின் இடதுபக்கக் கண்ணாடி உடைந்துபோனது. வருஷக்கணக்காக அவர் நுழைந்து வெளியேறுகிற அதே வாசல், அதே தூண்.

"தூண் கொஞ்சம் முன்னால வந்திருக்குதுங்க," என்றார் சமையல்கட்டு ரஞ்சிதத்திடம்.

ரஞ்சிதம் தூணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "வந்திருக்குமுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவு பிரியம் அவர்மேல்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பிரியம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் அம்மாவிடம் போய் நின்றார். அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இன்னும் வண்டி ஓட்டலாமுங்களா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலீங்க. வண்டியும் முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப ரொம்ப நல்லாயிருக்குது. முன்னெல்லாம் என் வண்டியில ஏறினா மொத வளைவுக்குள்ள அத்தனை பேரும் தூங்கிருவாங்க. எனக்குக் கோவமா வரும். மடத்து வண்டியில வந்துட்டு இப்படிக் கொறட்டை விடறாங்களேன்னு."

"இப்போ?"

குழந்தைவேலு முகம் மலர்ந்தது. "இப்பல்லாம் பக்திங்கம்மா! ஒருத்தரும் தூங்கறதில்லை. வளைவுக்கு வளைவு முருகா முருகான்னு கூப்புடறாங்க. கேக்கவே அவ்வளவு நல்லாயிருக்குது."

அம்மாவின் கை நின்றது. பிறகு முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, இன்னிக்கு நானும் வரேன்."

அம்மா முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய், கூடைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் ரஞ்சிதத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குழந்தைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவே தன் வண்டியில்!

முதல் கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து மெதுவாக வந்தது: "முருகா."

அடுத்த வளைவில் இன்னும் நாலைந்து குரல் சேர்ந்தது. அம்மா கேட்டுக்கொண்டுதானே இருப்பார் என்று குழந்தைவேலுவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மீசையைக்கூட ஒருமுறை நீவிக்கொண்டார்.

அதற்கடுத்த வளைவில் இடது ஓரமாக ஒருவன் தலையில் பலாப்பழத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தான். குழந்தைவேலு அவனைப் பார்க்கவில்லை. பலாப்பழம் வண்டிக்கு முன்னால் உருண்டு வந்தபோதுதான் பார்த்தார்.

பிரேக்கை மிதித்தார்.

"முருகா!"

வண்டி முழுக்க அந்தப் பெயர்தான். அதில் ஒரு குரல் மட்டும் புதிது. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல், ஆனால் இந்தப் பெயரை அது சொல்லிக் கேட்டதே இல்லை.

ஓரத்துச் சுவரோடு ஒட்டி நின்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழம் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அட, நம்ம வேலண்ணனா?" என்று சிரிக்க முயன்றான்.

குழந்தைவேலு திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தும் அவ்வளவு திரும்பாது.

"அம்மா, நீங்களா கூப்பிட்டீங்க?"

"நான்தான்."

"நீங்க சாமி பேரே சொல்ல மாட்டீங்களே."

"இதுவரைக்கும் தேவைப்படலீங்க," என்றார் அம்மா.

குழந்தைவேலு உள்கண்ணாடியில் பார்த்தார். ஒவ்வொருவர் கையும் தனக்கு முன்னாலிருந்த சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தது. மடிப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்தி வைத்திருந்தாள். ரஞ்சிதம் மட்டும் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளிக்கும்போதும் கழற்றாத அந்தச் சாவியை வண்டியிலிருந்து உருவி, பின்பக்கம் நீட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"வாங்கிக்கங்கம்மா. இவங்க இத்தனை நாளும் பயந்துக்கிட்டே வந்திருக்காங்க. என் மனசு நோகுமேன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கலை."

அம்மா சாவியை வாங்கவில்லை. இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"கண்ணாஸ்பத்திரி கீழதானே இருக்கு? மெதுவாப் போங்க. இடதுபக்கம் நான் பார்த்துச் சொல்றேன்."

இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. தும்மலுக்கென்று அவர் காலையில் போட்டுவந்த மாத்திரை மயக்கம் தரக்கூடியது, வண்டி எடுக்கும் நாளில் தொடக்கூடாது என்றார் டாக்டர். கண்ணை அறுத்துச் சரிசெய்தார்கள். கழுத்தைத் திருப்பப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நாட்களில் கீழூர் ஆள் ஒருவன் வேனை ஓட்டினான். குழந்தைவேலு காலையில் வாசலில் உட்கார்ந்து, வலது தோளையும் இடது தோளையும் மாறிமாறித் திரும்பிப் பார்ப்பார். தூண் பழைய இடத்துக்கே போய்விட்டதா என்று ரஞ்சிதம் கேட்பாள். போய்விட்டது என்பார், அசட்டுச் சிரிப்போடு.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள், மறுபடி அம்மாவிடம் வந்து நின்றார்.

"பகல்ல மட்டும் ஓட்டச் சொல்றாருங்க. வெளிச்சம் இருக்கறப்பவே திரும்பிருவேன். ஆனா நீங்க சொன்னாத்தான் சாவியத் தொடுவேன்."

"நான் சொல்ல என்ன இருக்கு? எடுங்க வண்டிய."

அன்றும் அம்மா பின்னால்தான் உட்கார்ந்தார். முதல் வளைவில் முருகன் வரவில்லை. அடுத்த வளைவிலும் வரவில்லை. பலாப்பழம் உருண்ட இடத்தில் வேகத்தைக் குறைத்து, கழுத்தைத் திருப்பி இடது ஓரத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு கிழவி இரண்டு ஆடுகளோடு போய்க்கொண்டிருந்தாள். காத்திருந்து, அவள் விலகியபின் தாண்டினார்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பாராட்டாவது ஒரு வார்த்தை வருமென்று பார்த்தார். அதுவும் இல்லை. மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, இன்னிக்குச் சரி. நாளைக்கு எனக்கு இன்னும் வயசாகுமுங்களே. எப்ப சாவியக் கழட்டணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

உள்கண்ணாடியில் பார்த்தார். ரஞ்சிதத்தின் தோளில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சிதமும் தூங்கிப்போயிருந்தாள். ஒருவர் கையும் கம்பியில் இல்லை.

குழந்தைவேலு வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த வளைவு வந்தது. நீளமாக ஹாரன் அடித்தார்.

ஒருவரும் கண் விழிக்கவில்லை.