மீதித் தலை

"கரண்ட் வைக்கட்டுங்களா, ஊசி போட்டுக்கட்டுங்களா, அறுத்துக்கட்டுங்களா, இல்ல சும்மா இருக்கட்டுங்களா? நீங்களே ஒண்ணைச் சொல்லிருங்க சாமி. அதையே செஞ்சுடறேன்."

கேட்டுவிட்டு நாச்சிமுத்து புது பிளேடை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். மறு பாதியைக் காகிதத்தோடு கல்லின்மேல் வைத்தார்.

"மொதல்ல தலையை நனைங்க," என்றார் சாமி.

சாமி என்பவர் கூகைமலை அடிவாரத்து மடத்தின் செம்பொற்சோதி அடிகள். வயது நாற்பத்திரண்டு. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. மலைமேல் முருகன் கோவில் மொட்டை மண்டபத்தில் முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்கு முடியிறக்குகிறவர்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிந்ததும் கீழே இறங்கி வந்து, மடத்துச் சுனையருகே அடிகளுக்குத் தலை மழிப்பார். துறவி அன்றைக்கு மழித்தாக வேண்டும் என்பது மடத்து விதி. மழிக்கும்போது சந்தேகம் கேட்கலாம் என்பது நாச்சிமுத்து தானாக வைத்துக்கொண்ட விதி. வயதில் சின்னவர் என்றால் என்ன, குரு குருதான் என்பார்.

இந்தத் தடவை சந்தேகம் அவருடைய இடது கையில் இருந்தது.

மோதிர விரலுக்குக் கீழே, உள்ளங்கையில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அதிலிருந்து தோலுக்கு அடியில் ஒரு நார் தடித்துக் கயிறாகிக்கொண்டிருந்தது. வலி கிடையாது. அந்தக் கயிறு போகப் போக விரலை உள்ளே இழுத்து மடக்கிவிடும் என்றார்கள். எப்போது என்று கேட்டால் ஒரு டாக்டரும் பிடி கொடுக்கவில்லை. ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருஷமும் ஆகலாம்.

இடது கைதானே என்று சொல்பவர்களுக்கு அந்தத் தொழில் தெரியாது. கத்தி பிடிக்கிற கையைவிடத் தலை பிடிக்கிற கைதான் பெரிது. குழந்தை வீறிட்டுக் கத்தும், உதறும், திமிறும். அந்தச் சின்னத் தலையை விரிந்த உள்ளங்கை ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் கத்திக்குக் கண் தெரியாது.

போன வியாழக்கிழமை நழுவியது.

பத்து மாதப் பெண் குழந்தை. ஒரு விரற்கடை தூரம் தலை வழுக்கியது. கத்தியைத் தூக்கிவிட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் தேய்த்து, சோப்பு நுரை பூசி, வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சாமி குனிந்தபடியே, யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

நாச்சிமுத்து சொன்னார். கோயமுத்தூரில் கைக்கென்றே இருக்கிற டாக்டர் அவசரமில்லை, காத்திருக்கலாம் என்றார். கரண்ட் வைக்கிற, அதாவது கதிர்வீச்சு கொடுக்கிற டாக்டர், கட்டி அளவில் இருக்கும்போதே வைத்தால் அங்கேயே நிற்க வாய்ப்புண்டு, மடங்கிய பிறகு வந்து பயனில்லை என்றார். மூன்றாமவர் ஊசியாலேயே அந்தக் கயிற்றைக் குத்தி அறுத்துவிடுவார். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம், ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம், ஆனால் சில வருஷத்தில் திரும்ப வரக்கூடும். நாலாமவர் உள்ளங்கையைத் திறந்து கயிற்றையே எடுப்பவர். அது கொஞ்சம் அதிக நாள் தாங்கும். ஆனால் இரண்டு மாதம் கத்தியைத் தொடக் கூடாது, அறுக்கும்போது விரல் நரம்பு வெட்டுப்பட்டுவிடும் அபாயமும் உண்டு.

இத்தனையும் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக மதில்மேல் பூனைதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவர் மனைவி தெய்வாத்தாள் தினமும் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது சொல்வதையும் விட்டுவிட்டாள்.

"காத்திருங்கன்னு சொன்ன டாக்டர், சும்மா இருங்கன்னா சொன்னாரு?" என்றார் சாமி.

"இல்லீங்க. மாசாமாசம் கையை மேசைமேல கவுத்து வெச்சுப் பாக்கச் சொன்னாருங்க. படியாமப் போச்சுன்னா ஒடனே வரச் சொன்னாரு."

"பாத்தீங்களா?"

"தெனமும் பாக்கறனுங்களே. ஒரு நாளைக்கு அம்பது தலை. கை அப்படியே பதிஞ்சு உக்காருதுங்க."

சாமி தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்.

வலது பாதி முடிந்தது. கத்தி உச்சியைத் தாண்டப் போகும் நேரத்தில் சாமி கையை உயர்த்தினார். கத்தி நின்றது.

"அந்தக் கையை இந்தக் கல்லுமேல வைங்க."

துணி துவைக்கிற கல். தேய்ந்து தேய்ந்து பலகைபோல் மட்டமாகிவிட்ட கல். நாச்சிமுத்து கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். வைத்த உடனே வலது கை தானாக வந்து அதன்மேல் அழுத்தியது.

சாமி அந்த வலது மணிக்கட்டைப் பிடித்தார். "அமுக்காதீங்க."

வலது கையை எடுத்ததும் மோதிர விரல் கல்லைவிட்டு எழும்பியது.

சாமி பிளேடின் மறு பாதியைக் காகிதத்தோடு எடுத்தார். படுக்க வைத்து விரலுக்கு அடியில் தள்ளினார். தட்டாமல் அந்தப் பக்கம் வந்தது. நிமிர்த்தி வைத்துத் தள்ளினார். அப்போதும் வந்தது.

நாச்சிமுத்து குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

தலை உருண்டை. மடங்கிய விரலும் தலைமேல் பதிந்துதான் உட்காரும். எட்டு மாதமாக அவர் மட்டத்தை உருண்டையில் வைத்து அளந்திருக்கிறார். வீட்டில் மேசை இல்லையென்றால் தரை இல்லாமலா போயிற்று? வியாழக்கிழமை நழுவியது குழந்தை திமிறியதால் அல்ல என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மடங்கறதுக்கு முன்னாடி வரச் சொன்னாருங்களே, கரண்ட் டாக்டர்," என்றார். "அந்த வழி அடைஞ்சு போச்சுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் டாக்டரா?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. குருவின்மேல் வருகிற கோபம் பாதி தன்மேல் வருவதுதான், அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பேசினார். அறுத்தால் இரண்டு மாதம் முடங்க வேண்டும், நரம்பு போனால் யார் பொறுப்பு என்றார். ஊசி என்றால் இன்னும் நாலு வருஷத்தில் மறுபடி இதே கதை என்றார். அறுத்தால்கூடத் திரும்ப வருவது உண்டாம் என்றார்.

"முழுசாத் தீந்துருமுன்னு ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா இந்நேரம் பண்ணியிருப்பேனுங்க. திரும்ப வர்றதுக்கு எதுக்குங்க போயிக் குத்திக்கோணும்?"

மடத்தில் மணி அடித்தது. பௌர்ணமி பூசைக்கு ஊரிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாமி எழுந்தார்.

வலது பாதித் தலை பளபளவென்று இருந்தது. இடது பாதியில் ஒரு மாத முடியும் நுரையும். அந்தக் கோலத்தோடு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கூடத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து பதறிப்போனார். முப்பது வருஷத்தில் ஒரு தலையையும் அவர் பாதியில் விட்டதில்லை. மழை கொட்டியபோதுகூடக் குடையைப் பிடிக்கச் சொல்லி முடித்திருக்கிறார்.

"சாமி, மீதித் தலை இருக்குதுங்க."

"போதும்."

"ஏனுங்க சாமி?"

"அடுத்த பௌர்ணமிக்குள்ள திரும்ப மொளைச்சுருமில்லீங்களா?"

சொல்லிவிட்டுச் சாமி நடந்தார். நுரை காதோரமாக வழிந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து கத்தியைக் கையில் எடுத்தபடி நின்றார். சாமி பத்தடி நடக்கும்வரை நின்றார். கூடத்துக் கதவருகே யாரோ ஒரு பெண் சாமியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது ஓட்டம்தான். சாமியின் முன்னால் போய் மறித்து நின்றார்.

"உக்காருங்க சாமி."

சாமி அங்கேயே படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

நாச்சிமுத்து இடது கையைத் தலையருகே கொண்டுபோனார். தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

"தலையை நீங்களே புடிச்சுக்குங்க சாமி. இந்தக் கையை நம்பாதீங்க."

சாமி இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து மெதுவாக மழித்தார். அவ்வளவு மெதுவாக அவர் யாருக்கும் மழித்ததில்லை. மூச்சுக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டார். கடைசி இழுப்பு முடிந்ததும் ஈரத்துணியால் தலையைத் துடைத்துவிட்டார். ஒரு கீறல் இல்லை.

"மண்டபத்துல சொல்லிருங்க சாமி. இன்னையிலிருந்து நான் வரமாட்டேன்."

"இன்னிக்குப் பௌர்ணமிக் கூட்டமாச்சே. நெறையக் கொழந்தைக வருமே?"

"அதனாலதானுங்க. பத்து மணி பஸ்ஸைப் புடிச்சா மத்தியானம் ஊசி டாக்டரைப் பாத்துரலாம்."

சாமி எழுந்தார். இரண்டு படி ஏறி, திரும்பிப் பார்த்தார்.

"நாலு வருசத்துல அது திரும்ப வந்துட்டா?"

நாச்சிமுத்து கத்தியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"திரும்பப் போவேனுங்க."